கையெழுத்தும் பெயரும்: கடைக்கு வெளியே வாழும் செயலிகளின் வரலாறு குறித்து

1

போன வருஷம் நண்பர் ஒருவர் ஒரு செயலி செய்தார். பழைய சிறுபத்திரிகை இதழ்களை இணையத் தொடர்பு இல்லாமலே போனில் வைத்து வாசிக்கலாம், அவ்வளவுதான் அது. விளம்பரம் கிடையாது, வியாபாரம் கிடையாது. கடை எதிலும் அதை வைக்கவில்லை. தம்முடைய இணையதளத்தில் ஒரு கோப்பாகப் போட்டு, 'வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம்' என்று நாலு பேரிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து வாசகர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்: "தோழர், இதைத் தொட்டாலே போன் பயமுறுத்துது. தீங்கு செய்யலாம்ங்குது. நம்பி ஏத்தலாமா?" "ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. எந்த அதிகாரத்தில் நான் அப்படிச் சொன்னேன்? அந்தப் போன் எந்த அதிகாரத்தில் அவரைப் பயமுறுத்தியது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதிகபட்சம் இருபது வருஷத்து வரலாறுதான். ஆனால் அதன் வேர் இன்னும் பழைய மண்ணில், நமக்கு நன்றாகத் தெரிந்த மண்ணில் போய் முடிகிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கடையில் வாங்காமல் ஒரு செயலியைப் போனில் ஏற்றுவதற்கு ஆங்கிலத்தில் 'சைட்லோடிங்' என்று பெயர். பக்கவாட்டில் ஏற்றுவது. முன்வாசல் என்று ஒன்று இருக்கிறது, நீ அது வழியாக வரவில்லை என்கிற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1990களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பிளாப்பியிலிருந்தும் சி.டி.யிலிருந்தும், பிறகு இணையதளங்களிலிருந்தும் நிரல்களை ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு 'ஏற்றுவது' என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை. நெறிக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. விலகலுக்குத்தான் பெயர் தேவைப்படுகிறது. சிலர் எழுதினால் வெறும் 'இலக்கியம்', வேறு சிலர் எழுதினால் முன்னால் ஓர் அடைமொழி ஒட்டிய இலக்கியம் என்பதைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் எத்தனை விவாதம் நடத்தியிருக்கிறோம். அதே தந்திரம்தான் இது.

ஆண்ட்ராய்டு போன்களில் வெகுகாலம் 'அறியப்படாத மூலங்கள்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அனுமதித்தால்தான் வெளியிலிருந்து எதையும் ஏற்ற முடியும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது அந்த ஒற்றைப் பொத்தான் போய், எந்தச் செயலி வழியாக ஏற்றுகிறோமோ அதற்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்கும் முறை வந்தது. அறியப்படாத மூலம் என்றால் யாருக்கு அறியப்படாதது? என் நண்பரை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அந்த வாசகருக்கும் தெரியும். தெரியாதது அந்தப் போனின் இயங்குதளத்தைச் செய்த நிறுவனத்துக்குத்தான். அதன் அறியாமை நம்முடைய ஆபத்தாக மொழிபெயர்க்கப்படுகிறது.

2

வரலாற்றை வழக்கமாக இப்படிச் சொல்கிறார்கள்: 2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை 500 செயலிகளோடு திறந்தது, உலகம் மாறியது. இது கடைக்காரர் எழுதிய வரலாறு.

கீழேயிருந்து பார்த்தால் கதை வேறு. முதல் ஐபோன் 2007 ஜூன் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது, அதில் வெளியார் செய்த செயலி எதையும் ஏற்ற முடியாது. அதே மாதம் நடந்த மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ், செயலி செய்ய விரும்புகிறவர்கள் போனின் உலாவியில் இயங்குகிற மாதிரி இணையதளமாகவே செய்துகொள்ளட்டும் என்றார். கவனிக்க வேண்டும்: 'இணையதளத்தில் போடு' என்பதுதான் ஆப்பிளின் முதல் பதிலாக இருந்தது. சனம் அதோடு நிற்கவில்லை. சில வாரங்களிலேயே போனின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தார்கள். அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'ஜெயில்பிரேக்', சிறை உடைப்பு. ஜே ஃப்ரீமன் செய்த 'சிடியா' என்ற பகிர்வகம் 2008 தொடக்கத்திலேயே, அதாவது ஆப் ஸ்டோர் திறப்பதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே வந்துவிட்டது. 2007 அக்டோபரில் ஆப்பிள் மனம் மாறி, வெளியாருக்கும் கருவிகள் தரப்போவதாக அறிவித்தது. ஆக, மக்கள் ஏற்கெனவே நடந்து போட்ட ஒற்றையடிப் பாதையின் மேல்தான் அந்தச் சாலை போடப்பட்டது. போட்ட கையோடு சுங்கச்சாவடியும் வந்தது: விற்பனைத் தொகையில் நூற்றுக்கு முப்பது. பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தை மீறியதாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் விலக்கு அளித்ததே 2010 ஜூலையில்தான்.

2008 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வேறொரு தத்துவத்தோடு வந்தது. இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். பொறுமை வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு செயலி என்பது 'ஏபிகே' என்கிற ஒரு பொட்டலம். அதைக் கட்டுகிறவர் அதன் மேல் ஒரு மின்கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்கான சாவியை அவரே தன் கம்ப்யூட்டரில் உருவாக்கிக்கொள்ளலாம். யாரிடமும் போய் அத்தாட்சி வாங்க வேண்டியதில்லை. பிறகு அந்தக் கையெழுத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நாளைக்கு அதே செயலியின் அடுத்த பதிப்பு வரும்போது, அதே சாவியால் கையெழுத்திடப்பட்டிருந்தால்தான் போன் அதைப் பழையதன் இடத்தில் ஏற்றுக்கொள்ளும். வேறு கை பட்டிருந்தால் மறுத்துவிடும். அதாவது, 'நேற்று எழுதிய அதே கைதான் இன்றும் எழுதியிருக்கிறது' என்பதை அந்தக் கையெழுத்து உறுதிசெய்கிறது. அந்தக் கை யாருடைய கை என்பதை அது சொல்வதில்லை, கேட்பதுமில்லை.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: புனைபெயர். ஒரு புனைபெயரில் வந்த பத்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்த வாசகருக்கு அந்த எழுத்தோடு ஓர் உறவு உண்டாகிறது. நம்புகிறார், சண்டை போடுகிறார், அடுத்ததற்குக் காத்திருக்கிறார். ஆள் யார், எந்த ஊர், என்ன சாதி, எந்த அலுவலகத்தில் வேலை என்பதெல்லாம் அந்த உறவுக்குத் தேவைப்படுவதில்லை.

ஐபோனில் கதை நேர் எதிர். அங்கேயும் கையெழுத்து உண்டு. ஆனால் அது ஆப்பிள் கொடுத்த அத்தாட்சியில் தொடங்கும் சங்கிலியில் வந்தாக வேண்டும். அந்தச் சங்கிலியில் இல்லாத நிரலைப் போன் ஓட்டவே ஓட்டாது. (இதை ஆப்பிள்தான் கண்டுபிடித்தது என்று சொல்வதற்கில்லை. நோக்கியாவின் சிம்பியன் போன்களிலேயே 2006 வாக்கில் இப்படியொரு கெடுபிடி வந்துவிட்டது.) ஒரு பக்கம் புனைபெயர், இன்னொரு பக்கம் முன்தணிக்கை. 2008இல் இரண்டு கட்சிகளும் இப்படித்தான் களத்தில் நின்றன.

3

முன்தணிக்கை என்று சொன்னதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆபாசத்தையும் மோசடியையும் தடுக்கத்தானே கடைக்காரர் சோதிக்கிறார் என்பார்கள். சரி, அந்தச் சோதனைச் சாவடியில் எது எது நின்றுபோனது என்று பார்ப்போம்.

2017 ஜூலையில் சீன அரசின் விதிகளைக் காட்டி, தணிக்கையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகளைச் சீனாவுக்கான தன் கடையிலிருந்து ஆப்பிள் நீக்கியது. 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, போலீஸ் எங்கே நிற்கிறது, கண்ணீர்ப்புகை எங்கே என்று மக்களே குறித்துக்கொடுத்த 'ஹெச்கேமேப்.லைவ்' வரைபடச் செயலியை முதலில் மறுத்து, பிறகு அனுமதித்து, சீன அரசுசார் பத்திரிகை கண்டித்த மறுநாளோடு தூக்கிவிட்டது. 2021 செப்டம்பர் 17, ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலின் முதல் நாள். எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் குழு, ஆளுங்கட்சிக்கு எதிராக யாருக்கு வாக்களிக்கலாம் என்று தொகுதிவாரியாகச் சொன்ன செயலியை அன்றைக்கு ஆப்பிளும் கூகிளும் சேர்ந்தே நீக்கின. ரஷ்யாவிலிருந்த தங்கள் ஊழியர்கள் மேல் வழக்குப் பாயும் என்ற மிரட்டல் பின்னணியில் இருந்தது. 'இதெல்லாம் சர்வாதிகார நாடுகளில்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2025 அக்டோபரில், அமெரிக்கக் குடியேற்றத் துறைக் காவலர்களின் நடமாட்டத்தைக் குறித்துக் காட்டிய 'ஐஸ்பிளாக்' செயலியை, அமெரிக்க நீதித்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் ஆப்பிள் நீக்கியது.

இந்த நாலு சம்பவத்திலும் ஒரு பொதுக்கூறு இருக்கிறது. அரசு மக்களைத் தேடிப் போகவில்லை; கடைக்காரரிடம் போனது. லட்சக்கணக்கான போன்களில் தேடி அலைவதைவிட ஒரு வாசலில் நிற்பது சுலபம். கடை ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த ஒற்றை வாசலே அதிகாரத்துக்கு ஓர் அழைப்பிதழ். இதைக் கடைக்காரரின் குணநலனாகப் பார்ப்பது பிழை. அமைப்பாகப் பார்க்க வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். ஹாங்காங் செயலி ஐபோன் கடையிலிருந்து போன பிறகும் அதன் இணையதள வடிவம் உலாவியில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சட்டத்தின்படி டிக்டாக் இரு கடைகளிலிருந்தும் இறக்கப்பட்டது. பிப்ரவரி 7ஆம் தேதி வாக்கில் அந்த நிறுவனம் ஆண்ட்ராய்டு பொட்டலத்தைத் தன் இணையதளத்திலேயே நேரடியாகப் போட்டது. சில நாளில் கடைகள் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டன. ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அந்த இடைவெளியில் வழியில்லை. ஐஸ்பிளாக் ஐபோனுக்கு மட்டுமே செய்யப்பட்டது; ஆகவே கடை கைவிட்டதும் புதிதாக ஒருவரும் அதைப் பெற முடியாமல் போனது. இணையதளத்தில் ஒரு கோப்பு இருப்பது, அதைப் போன் ஏற்றுக்கொள்வது ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் விநியோகம். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

4

கடைக்கு வெளியே போகிறவர்கள் எல்லாரும் கலகக்காரர்கள் என்று மயங்கிவிடவும் கூடாது. இந்த வரலாற்றில் பெரிய சத்தம் போட்டவர் ஒரு முதலாளிதான்.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்துகிற எபிக் நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் ஆண்ட்ராய்டு வடிவத்தைக் கூகிளின் கடையில் வைக்காமல் தன் தளத்திலிருந்தே கொடுத்தது. முப்பது சதவீதத்தைக் கொடுக்க மனமில்லை. சில நாளில் அதன் நிறுவியில் ஒரு ஓட்டை இருப்பதைக் கூகிள் பொறியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போனிலிருக்கிற வேறொரு கெட்ட செயலி, இறங்குகிற பொட்டலத்தை நடுவழியில் மாற்றி வைத்துவிட முடியும். எபிக் உடனே சரிசெய்தது. ஆனால் 'பார்த்தாயா, வெளியே போனால் இதுதான் கதி' என்று சொல்ல ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. எச்சரிக்கைகளைத் தாண்டி ஆட்கள் வருவது குறைவு என்று நொந்துபோய், 2020 ஏப்ரலில் எபிக் கடைக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 13 அன்று வேண்டுமென்றே நேரடிக் கட்டண வழியைத் திறந்தது. அன்றே இரு கடைகளிலிருந்தும் தூக்கப்பட்டது. அன்றே வழக்கும் போட்டது. கூகிளுக்கு எதிரான வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி எபிக் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

நம் ஊரிலும் இதன் ஓர் அங்கம் நடந்தது. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில், கூகிள் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கடையிலிருந்து இறக்கியது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி அதில் ஒன்று. 'டிஜிட்டல் காலனியாதிக்கம்' என்கிற பாணியில் குரல்கள் எழுந்தன, அரசு தலையிட்டது, சில நாளில் செயலிகள் திரும்ப வந்தன. காலனியாதிக்கம் என்ற வார்த்தை நமக்குப் பிடித்த வார்த்தைதான். ஆனால் இறக்கப்பட்டது என்ன? சாதிக்கொரு தளம் வைத்து மணச்சந்தை நடத்துகிற ஒரு வியாபாரம். அதன் சுதந்திரமும் ஹாங்காங் வரைபடத்தின் சுதந்திரமும் ஒன்றா? ஒரே வாசலில் இரண்டும் நின்றுபோகலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வாசலை எதிர்க்கிறபோது யாருடைய தோளில் கை போட்டு நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரியின் சுதந்திரம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஐரோப்பா நல்ல சாட்சி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் முழு அமலுக்கு வந்தபோது, ஐபோன் செயலிகளை இணையதளத்திலிருந்தே கொடுக்கலாம் என்று ஆப்பிள் இறங்கிவந்தது. கூடவே நிபந்தனை வைத்தது: ஆப்பிளிடம் தொடர்ந்து இரண்டு வருஷம் நல்ல பெயரோடு இருந்திருக்க வேண்டும், முந்தைய ஆண்டில் ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் இறக்கிய செயலி ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் ஆப்பிள் பார்த்து முத்திரை குத்தும். அதாவது, கடைக்குள் பெரிய ஆளாக வளர்ந்தவனுக்குத்தான் கடையை விட்டு வெளியே போகிற உரிமை. என் நண்பரின் செயலியை இதுவரை இறக்கியவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம்.

இந்தியாவில் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது பெரிய செய்தியாக வந்தது. வெளியிலிருந்து செயலி ஏற்றுவதை எவ்விதத்திலும் தடுக்கக் கூடாது என்று அதே ஆணையில் ஒரு கட்டளையும் இருந்தது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது. பணம் நின்றது, உரிமை போனது. இதைப் பற்றி நம் பக்கங்களில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. இதை நம் பிரச்சினையாகவே நாம் நினைக்கவில்லை.

5

இப்போது கையெழுத்துக்குத் திரும்புவோம். ஆண்ட்ராய்டின் அந்தப் புனைபெயர்த் தத்துவம் என்ன ஆனது?

2021 ஆகஸ்டிலிருந்து கூகிளின் கடைக்கு வரும் புதிய செயலிகள் புதுவகைக் கட்டு ஒன்றில்தான் வர வேண்டும் என்று விதி வந்தது. அந்த முறையில், வாசகரின் போனுக்குப் போகும் இறுதிப் பொட்டலத்தின் மேல் கையெழுத்துப் போடும் சாவி கூகிளின் கைக்குப் போய்விடுகிறது. எழுதியவர் கைப்பிரதியைக் கொடுக்கிறார்; கையெழுத்தைக் கடைக்காரர் போடுகிறார். இது கடைக்குள் நடந்த மாற்றம்.

2025 ஆகஸ்டில் வெளியேயும் வந்தது. தன் அத்தாட்சி பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், எங்கிருந்து வந்த செயலியானாலும், அதைச் செய்தவர் கூகிளிடம் தன்னைப் பதிவுசெய்திருந்தால்தான் ஏற முடியும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. சட்டப்படியான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். அரசு அடையாள அட்டையும் கேட்கப்படலாம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் உலகின் மற்ற இடங்கள் என்று கால அட்டவணையும் தந்தது. இணையதளத்திலிருந்து ஏற்றுவதை நாங்கள் தடுக்கவில்லை, யார் என்று மட்டும்தான் கேட்கிறோம் என்பது அதன் வாதம். விமான நிலையத்தில் அடையாள அட்டையைப் பார்ப்பது மாதிரி, பையைச் சோதிப்பது வேறு என்று ஓர் உவமையும் சொன்னது. என் வீட்டுத் திண்ணைக்கு என் நண்பர் வருவதற்கு நடுவில் எந்த விமான நிலையம் இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

இந்தக் காட்சி நமக்குப் பழகியதுதான். 1823இல் கல்கத்தாவில் ஜான் ஆடம் என்ற தற்காலிக கவர்னர் ஜெனரல், உரிமம் வாங்காமல் பத்திரிகை அச்சிடக் கூடாது என்று விதி போட்டார். ராம்மோகன் ராய் எதிர்த்து மனுச்செய்தார். தம் பாரசீக இதழை நிறுத்தினார். 1835இல் மெட்காஃப் அந்த உரிம முறையை ஒழித்தார். பத்திரிகைகளின் விடுதலையாளர் என்று பெயர் வாங்கினார். ஆனால் அதே 1835ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தங்கள் பெயரையும் இடத்தையும் அறிவித்தாக வேண்டும் என்றது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சான ஒவ்வொரு தாளிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று இறுக்கியது. நம்முடைய சிறுபத்திரிகைகளின் உள்ளட்டையில் பொடி எழுத்தில் வருகிற 'அச்சிட்டோர்' வரி அங்கிருந்து வந்த வரிதான். 156 வருஷம் கழித்து, 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அது அமலுக்கு வந்த நாள் 2024 மார்ச் 1. கூகிள் இந்தியச் செயலிகளை இறக்கிய அதே நாள். தற்செயல்தான்.

உரிமம் முன்கூட்டியே தடுக்கிறது. பதிவு எழுதவிடுகிறது, எழுதிய பிறகு ஆளைப் பிடிக்கிறது. 'இந்தியா' பத்திரிகையில் எழுதியது பாரதி. 1908இல் ராஜதுரோக வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போனது, பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் இருந்த மு. சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் அங்கே போய் வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்ததும் 1910இல் நின்றுபோனது. ஆசிரியர் என்றால் என்ன என்று 1969இல் ஃபூக்கோ கேட்டபோது சொன்னதும் இதை ஒட்டித்தான்: எழுத்துக்கு ஆசிரியர் பெயர் ஒட்டப்படத் தொடங்கியது, எழுதியதற்காக ஆளைத் தண்டிக்க முடியும் என்றான பிறகு.

ஆப்பிளின் வழி 1823. கூகிள் 2025இல் அறிவித்த வழி 1835. இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கிற வித்தியாசம் பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். 1867இன் பதிவேடு அரசிடம் இருந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத துண்டறிக்கையையும் மாடக்குளத்திலோ மாயவரத்திலோ ஒருத்தர் கையில் வாங்கிப் படிக்க முடிந்தது. காகிதம் தானாகத் தன் எழுத்துகளை மறைத்துக்கொள்ளவில்லை. இப்போது வரும் பதிவேடு ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது; அதில் பெயர் இல்லையென்றால் போனே அதைப் படிக்க மறுக்கும். பெயரை அடித்துவிட்டால் உலகம் முழுக்க அடிபடும். பெயர் இல்லாமல் ஏற முடியாது என்று ஆன பிறகு, பெயரை நீக்குவதும் அனுமதியை நீக்குவதும் ஒன்றுதான். ஆகவே இங்கே பதிவு தன் வேஷத்தைக் கலைத்துவிட்டு உரிமமாக நிற்கிறது. 1835இன் உடுப்பில் 1823 வருகிறது.

தன்னார்வலர்களால் 2010 முதல் நடத்தப்படும் 'எஃப்-டிராய்டு' என்ற கட்டற்ற செயலிகளின் பகிர்வகம், இந்த விதி வந்தால் தங்கள் முறையே முடிவுக்கு வந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் சொன்னது. எதிர்ப்பு வலுத்தது. நவம்பரில் கூகிள் கொஞ்சம் தளர்ந்தது: மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கும் சிறுகணக்கு, ஆபத்தை அறிந்து ஏற்கிற அனுபவசாலிகளுக்குத் தனி வழி ஏற்படுத்துவோம் என்றது. குரல் கொடுத்தால் நகரும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் விதிவிலக்கு என்பது விதியை ஒப்புக்கொண்ட பிறகு கிடைப்பது.

6

இதுவரை சொன்னதில் ஒரு பக்கத்தை நான் தட்டிக்கழித்துவிட்டேன். அந்த வாசகரின் பயம்.

அது வீண் பயமல்ல. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பொட்டலங்களைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பென்ஷன் பணம் போன பெரியவரிடம் போய்ப் புனைபெயரின் தத்துவம் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. வெளியிலிருந்து ஏற்றப்படுபவற்றில் தன் கடையைவிட 50 மடங்குக்கு மேல் தீநிரல் இருப்பதாகக் கூகிள் சொல்கிறது. அது அந்த நிறுவனமே எடுத்த கணக்கு என்றாலும், ஆபத்து உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சுதந்திரம் பேசுகிற நம்மில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். பயப்படுகிறவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்புறம் அவர் கடைக்காரரிடம் போகாமல் என்ன செய்வார்?

ஆனால் கடைக்குள் இருப்பவரின் பெயர் தெரிந்ததால் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்து, போனிலுள்ள சொந்தக்காரர்கள் எண்ணையெல்லாம் உருவி, படத்தைத் திரித்து அனுப்பி ஆட்களைச் சாகடித்த கடன் செயலிகள் பலவும் கடையிலேயே கிடைத்தவை. 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஜூலைக்குள் 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கியது நல்லது. நீக்கும்வரை அவை முன்வாசலில் உட்கார்ந்திருந்தன.

நம்பிக்கையை உண்டாக்க வேறு வழிகள் இருக்கின்றன, ஏற்கெனவே நடைமுறையிலும் இருக்கின்றன. மூல நிரலைத் திறந்து வைத்து, யார் கட்டினாலும் எழுத்துக்கு எழுத்து அதே பொட்டலம் வருகிறதா என்று பிறர் சரிபார்க்கிற முறை ஒன்று. எஃப்-டிராய்டு அதை வளர்த்துவருகிறது. (அதன் பெரும்பாலான செயலிகளுக்கு அதுவே கையெழுத்திடுகிறது, அதுவும் ஒரு வாசல்தான் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வாசலைத் தாண்டி இன்னொரு வாசல் திறக்க யாருக்கும் தடையில்லை.) 'சிக்னல்' செயலி தன் இணையதளத்தில் பொட்டலத்தைக் கொடுக்கும்போது, கூடவே தன் கையெழுத்தின் கைரேகையையும் வெளியிடுகிறது. 64 எண்ணெழுத்துகள் கொண்ட ஒரு வரிசை. நம் கையிலிருக்கிற பொட்டலத்தின் கைரேகை அதோடு ஒத்துப்போனால், நடுவில் எவனும் கை வைக்கவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். யோசித்தார். "தளத்துல போட்டா, தளத்தையே ஒருத்தன் மாத்திட்டா?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் இப்படி முடிவாயிற்று. அடுத்த இதழின் உள்ளட்டையில், அச்சிட்டோர் பெயர் வருகிற அந்த 1867ஆம் ஆண்டு வரிக்குக் கீழே, செயலியின் கைரேகையும் 64 எழுத்தாக அச்சாகும். காகிதத்தில் ஏறினதை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. தபாலில் இதழ் வாங்குகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நாம் யார் என்று நிறுவனத்திடம் சொல்லி, நிறுவனம் நம் வாசகரிடம் சொல்வது ஒரு வழி. நாமே நம் வாசகரிடம் சொல்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைத்தானே சிறுபத்திரிகை என்று இவ்வளவு காலமும் நடத்தி வந்திருக்கிறோம்?

அந்த வாசகரை மறுபடி கூப்பிட்டேன். 'ஒண்ணும் ஆகாது' என்று சும்மா சொன்னது தப்பு என்றேன். எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. "இவ்வளவு இருக்கா இதுல?" என்றார். பிறகு அவர் பக்கத்துத் தெருப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். 2027க்குள் இப்படி எத்தனை பேருக்குச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அதற்குள் அந்த விதியைப் பற்றிச் சத்தம் போடவும் வேண்டும். இரண்டும் ஒரே வேலைதான்.